ஒன்பது புள்ளி ஒன்பது மூன்று

ஆகஸ்ட் 8, செவ்வாய்

லேப்புக்கு ஜோடி போட்டுவிட்டார்கள். என் தலையில் வந்து விடிந்தது நிவேதன். இயற்பியல் மேஜர். கழுத்தில் ஹெட்போன், வாயில் சூயிங்கம். என்னைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "நீ மைனரா?" உனக்குக் காய்ச்சலா என்று கேட்கிற அதே குரல்.

ஆமாம், மைனர்தான். இந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தை மேஜராக முழுதாகப் படிக்க வேண்டும், வேறொன்றை மைனராக ஆறு தாள் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். என் மேஜர் வரலாறு. வரலாற்றுக்காரர்கள் மைனராக எடுப்பது அரசியல், இலக்கியம், மிஞ்சிப்போனால் நாடகம். நான் இயற்பியல் எடுத்ததிலிருந்து இரண்டு பக்கமும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

பேராசிரியர் வைத்தீஸ்வரன் வந்ததும் மைனர்கள் எல்லாம் கை தூக்கச் சொன்னார். தூக்கியது நான் ஒருத்திதான். "பரவால்ல, முடிஞ்ச வரைக்கும் பண்ணும்மா" என்றார். முடிந்த வரைக்குமாம்.

முதல் சோதனை ஊசல். பித்தளைத் தண்டு ஒன்று, அதைத் தொங்கவிட இரண்டு கத்திமுனைகள். ஒரு முனையில் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும், பிறகு தலைகீழாகத் திருப்பி மறு முனையில் ஆட்ட வேண்டும். தண்டில் உள்ள எடைகளை நகர்த்தி நகர்த்தி, இரண்டு பக்கமும் ஓர் ஆட்டத்துக்கு ஒரே நேரம் எடுக்கும்படி கொண்டுவர வேண்டும். அதன் பிறகு அந்த நேரமும், முனைகளுக்கு நடுவே உள்ள தூரமும் போதும். பூமியின் ஈர்ப்பைக் கணக்கிட்டுவிடலாம். இந்த ஊரில் 9.78 வர வேண்டும்.

கையேட்டில் 'தூரத்தை அளக்கவும்' என்று இருந்தது. நிவேதன் தண்டில் ஒட்டியிருந்த மஞ்சள் படிந்த பழைய லேபிளைத் தட்டிக் காட்டினான். 99.4 செ.மீ. "அதான் போட்டிருக்கே." சரி என்று எழுதிக்கொண்டேன். ஒரு முனை கறுத்துக் கிடந்தது, இன்னொன்று புதுப் பாத்திரம் போலப் பளபளத்தது. கறுத்ததைத் துடைக்கக்கூட இங்கே ஆளில்லை. விளம்பரப் படத்தில் மட்டும் லேப் மின்னுகிறது.

ஆகஸ்ட் 10, வியாழன்

அம்மா போன் செய்தாள். "எட்டீ, சாப்ட்டியா? அந்தப் பிசிக்ஸ் எதுக்குட்டி உனக்கு? பன்னெண்டாங்கிளாஸ்லயே அதப் படிச்சு அழுதுட்டுக் கெடந்த."

கட்டாயப் பாடம், எல்லாரும் எடுத்தாக வேண்டும் என்று சொன்னேன். பொய்தான். உண்மையைச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். சாம்பாரில் இன்றும் உப்பில்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

துணி துவைக்கும் மெஷினுக்கு விடுதி முழுக்க வரிசை. ஒருவழியாகப் போட்டுவிட்டு, வேறு போக்கிடம் இல்லாததால் லேப்புக்குப் போனேன். நிவேதன் வரவில்லை. அவன் ஞாயிற்றுக்கிழமை மனிதர்களோடு இருப்பானாம்.

எடைகளைத் தனியாகவே நகர்த்திக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் சரியானால் மறு பக்கம் கெடுகிறது. காலையில் ஆரம்பித்தது. கடைசியில் சின்ன எடையை மயிரிழை தள்ளினேன், இரண்டு பக்கமும் ஒரே நேரம். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தேன். அதற்குப் பிறகும் ஒரு தடவை பார்த்தேன், அது தேவையே இல்லை.

துணியை மறந்தே போனேன். யாரோ ஈரத்தோடு எடுத்துத் தரையில் போட்டிருக்கிறார்கள். எருமைகள்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

இன்றைக்கு நானும் நிவேதனும் சேர்ந்து அளவெடுத்தோம். ஐம்பது ஆட்டத்துக்கு நேரம் பார்த்து, போர்டில் எழுதி, சராசரி எடுத்தோம். ஓர் ஆட்டத்துக்கு 1.988 விநாடி. கணக்குப் போட்டால் ஈர்ப்பு 9.93. வர வேண்டியது 9.78. இவ்வளவு வித்தியாசம் வரக் கூடாது.

திரும்ப அளக்கலாம் என்றேன். நிவேதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"எவ்ளோ வரணும்? ஒம்பது புள்ளி ஏழு எட்டு. அப்ப நேரம் ரெண்டு புள்ளி ஜீரோ ஜீரோ மூணு இருக்கணும். போட்டுக்கோ."

"வந்தது அது இல்லையே."

"யாரு பாக்கப் போறா இஸ்ஸி? எல்லாரும் இப்டித்தான் பண்ணுவாங்க."

இசக்கியம்மாள் என்ற பெயரை இங்கே இப்படித்தான் ஆக்கி வைத்திருக்கிறார்கள். இஸ்ஸியாம். நாய்க்குட்டியைக் கூப்பிடுவது போல இருக்கிறது.

விடையிலிருந்து பின்னோக்கிப் போய்த் தேவையான நேரத்தை எடுத்துக்கொண்டான். அதைச் சுற்றிக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் அளவுகளை எழுதினான், நிஜம் மாதிரி இருக்கட்டும் என்று. கை பழகிய வேலை. பள்ளிக்கூடச் செய்முறைத் தேர்விலிருந்தே பழகியிருப்பான்.

"ஏல, நீ என்னமும் எழுதிக்கோ. நான் வந்ததைத்தான் எழுதுவேன்" என்றேன். கோபம் வந்தால் எனக்குத் திருநெல்வேலி வந்துவிடுகிறது. அவனுக்கு அது புரிந்ததா தெரியவில்லை, தோளைக் குலுக்கினான். நான் போர்டைப் பார்த்து எழுதி முடித்ததும் துடைத்துவிட்டுப் போய்விட்டான்.

அறைக்கு வந்து கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். 9.93 தான். தப்பு எங்கே என்று தெரியவில்லை. தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுத வேண்டியதுதானே? அதில் என்ன கௌரவக் குறைச்சல்?

ஆகஸ்ட் 29, செவ்வாய்

ரிப்போர்ட் கொடுத்தாயிற்று. விடை 9.93. பிழைக்குக் காரணம்: தெரியவில்லை. மழை. செருப்பு அறுந்துவிட்டது.

செப்டம்பர் 5, செவ்வாய்

வைத்தீஸ்வரன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் என் ரிப்போர்ட்டும் நிவேதனுடையதும் பக்கத்துப் பக்கத்தில்.

"ஒரே ஊசல், ஒரே நாள், ஒரே ஜோடி. நேரம் மட்டும் எப்படிம்மா ரெண்டு விதமா இருக்கு?"

நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அவனுக்குச் சரியான விடை வந்திருக்கு. உனக்குத் தப்பா வந்திருக்கு. யாரு அளந்திருப்பா, யாரு உக்காந்த இடத்துல எழுதியிருப்பா? அவன் சொல்றான், அன்னிக்கு நீ லேப்புக்கே வரலையாம். ஏதோ மனசுக்குத் தோணினதை எழுதிக் குடுத்துட்டேன்னு."

என் ரிப்போர்ட்டில் அளவுகள் இருந்த பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் தள்ளினேன்.

"அந்த ஊசல்ல ஆறு வருஷமா பசங்க பண்றாங்கம்மா. ஒருத்தருக்குக்கூட தப்பா வந்ததில்ல. உன் கைக்கு மட்டும் பூமி வேற மாதிரி இழுக்குமா?"

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னது இது: பதினான்காம் தேதிக்குள் மைனரிலிருந்து விலகுகிறேன் என்று ஒரு கையெழுத்துப் போட்டால் விஷயம் இந்த அறையோடு முடிந்துவிடும். போடாவிட்டால் பதினைந்தாம் தேதி கமிட்டி விசாரணை. பொய் அளவு எழுதினேன் என்று முடிவானால் மைனரும் போகும், சான்றிதழிலும் அது ஏறும். அதுவரைக்கும் நான் லேப்புக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது.

"உனக்கு வரலாறு நல்லா வருதாமே. அதைப் பாரேன்."

வெளியே வரும்போது கதவை ஓங்கி அடித்தேன். அது தானாக மெல்ல மூடிக்கொள்கிற கதவு. அந்தத் திருப்திகூடக் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 6, புதன்

என் மேஜருக்கு வழிகாட்டி டாக்டர் ஷீபா. நல்ல மனுஷி, அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இசக்கி, நீ சொல்றதை நான் நம்பறேன். ஆனா கமிட்டி நம்பணுமே. உன்கிட்ட என்ன ஆதாரம் இருக்கு?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

"அப்ப விட்டுடு. உனக்கு எதுக்கு அது?"

நில அளவையின் வரலாற்றை ஆய்வு செய்யப் போகிறேன், அதற்கு இயற்பியல் தேவை என்றேன். அப்படி ஓர் ஆய்வை அந்த நிமிடம் வரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. வாயில் வந்தது.

செப்டம்பர் 8, வெள்ளி

சாப்பாட்டுக் கூடத்தில் நிவேதன் எதிரே வந்து உட்கார்ந்தான். ஹெட்போன் இல்லை.

"இஸ்ஸி, ப்ளீஸ். விலகிடு. உனக்கு இது மைனர்தானே. எனக்கு இது மேஜர். எனக்குப் போனா எல்லாம் போச்சு."

"அதுக்கு நான் லேப்புக்கே வரலன்னு சொல்லுவியால?"

"நான் அப்படி நேரா சொல்லல..."

"பின்ன வளைச்சு சொன்னியா?"

தம்ளரைத் தூக்கித் தண்ணீர் குடித்தான். குடிக்கட்டும். என் தட்டு நிறையத் தயிர்சாதம், அவன் சட்டையோ வெள்ளை. கொட்டியிருக்கலாம். கொட்டவில்லை.

"எம்பேரு இசக்கி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பசியோடுதான் வந்தேன், மடச்சி.

செப்டம்பர் 10, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மறைக்க முடியவில்லை, குரலே காட்டிக்கொடுத்தது.

"ஒரு கையெழுத்துதானட்டி? போட்டுட்டு நிம்மதியா இரேன். அவங்ககூட எதுக்கு மல்லுக்கு நிக்க?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். "இரு. கட்டாயப் பாடம்னுல்லா சொன்ன. கட்டாயம்னா விலக எப்படி விடுவாவ?"

மாட்டிக்கொண்டேன்.

"அப்ப நீயாத்தான் எடுத்திருக்க." பின்னால் குக்கர் விசில் அடித்தது. "எட்டீ, அது உனக்குப் புடிச்சிருக்கா?"

சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் முழுசாக இருந்தது.

செப்டம்பர் 12, செவ்வாய்

மணி ஐந்து. கை பரபரக்கிறது, ஒழுங்காக எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

பிற்பகல் ஷீபா மேடம் வகுப்பு. கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு, படத்தைத் திரையில் போட்டிருந்தார். 'இதற்குக் கிழக்கே உள்ள குளம்' என்று அதில் இருக்கிறது. கோயிலுக்குக் கிழக்கே குளமே கிடையாது. நாங்கள் ஆளுக்கொன்று சொன்னோம். குளம் தூர்ந்துபோயிருக்கும், வெட்டியவன் உளறியிருப்பான் என்றெல்லாம். மேடம் சிரித்தார்.

"வெட்டினவன் சரியாத்தான் வெட்டினான். அப்புறமா திருப்பணி பண்ணினப்ப கல்லை வேற சுவருக்கு மாத்திட்டாங்க. கல் என்ன சொல்லுதுன்னு படிக்கிறதுக்கு முன்னாடி, எழுதினப்ப அது எங்க இருந்துச்சுன்னு கேளுங்க."

நான் எழுதிக்கொண்டிருந்த பேனா அப்படியே நின்றது. ஊசலின் ஒரு முனை கறுத்தது, ஒரு முனை புதிது. லேபிளோ மஞ்சள் படிந்த பழசு. லேபிள் ஒட்டிய பிறகு யாரோ முனையை மாற்றியிருக்கிறார்கள்! புது முனை பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கும் என்று என்ன நிச்சயம்?

ஓட்டமாக லேப்புக்குப் போனேன். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள், விசாரணை முடியும்வரை அனுமதி இல்லையாம். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஊசல் அலமாரிக்குள் தொங்குகிறது, எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ஒரு டேப் போதும். ஒரு நிமிடம் போதும்.

அறைக்கு வந்து கணக்குப் போட்டேன். ஈர்ப்பு 9.78, என் நேரம் 1.988. அப்படியானால் தூரம் 97.9 இருக்க வேண்டும். லேபிள் சொல்வதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு.

போட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. விடையிலிருந்து பின்னோக்கிப் போவதைத்தானே நிவேதனும் செய்தான்? நானும் அதையே செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். தூ. ஆனால் அவன் எழுதியதை இனி யாரும் சோதிக்க முடியாது. என்னுடையதை டேப் வைத்துப் பார்த்தால் பொய்யா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். பொய்யாகிவிட்டால் நான் செத்தேன்.

செப்டம்பர் 14, வியாழன்

கையெழுத்துப் போடவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

கமிட்டியில் மூன்று பேர். தலைவி பொருளாதாரத் துறை அம்மாள், கெட்டிக் கண்ணாடி. ஓரத்தில் வைத்தீஸ்வரன், இன்னொரு ஓரத்தில் நிவேதன். ஏசியைக் குளிரக் குளிர வைத்திருந்தார்கள்.

வைத்தீஸ்வரன் தன் பாட்டைத் திரும்பப் பாடினார். ஆறு வருஷம், அதே ஊசல், ஒருத்தருக்கும் தப்பாக வந்ததில்லை. தலைவி என் பக்கம் திரும்பினார்.

"நீ என்னம்மா சொல்றே?"

"ஊசலை இங்க கொண்டுவரணும் மேடம். முனைகளுக்கு நடுவுல அளக்கணும். லேபிள்ல 99.4 போட்டிருக்கு. அளந்தா 97.9 தான் இருக்கும்."

"நீ அளந்து பாத்தியா?"

"இல்ல மேடம். என்னை உள்ள விடல. நான் சொன்ன மாதிரி இல்லன்னா இங்கயே கையெழுத்துப் போட்டுட்டு மைனரை விட்டுப் போயிடறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது.

வைத்தீஸ்வரன் முணுமுணுத்துக்கொண்டே போய் ஊசலை எடுத்துவந்தார். டேப்பை என்னிடம் தரவில்லை, அவரே பிடித்தார். குனிந்து பார்த்தார். டேப்பைச் சுருட்டிவிட்டு மறுபடி இழுத்துப் பிடித்தார். இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"எவ்வளவு சார்?" என்றார் தலைவி.

"தொண்ணூத்தேழு புள்ளி ஒம்பது."

உடனே நான் பேசினேன். சும்மா இருக்க என்னால் முடியுமா?

"இந்தத் தூரத்தை வச்சு என் நேரத்தைப் போட்டுப் பாருங்க சார், 9.78 வரும். நிவேதன் நேரத்தைப் போட்டா 9.63."

அவர் போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "ஒரு முனை உடைஞ்சுது. கிண்டியில ஒரு பட்டறையில குடுத்து மாத்தினேன். மூணு வருஷம் இருக்கும். லேபிளை..." ஒட்டியிருந்த லேபிளை நகத்தால் கீறினார்.

"அந்த லேபிளை நம்பி ஒழுங்கா அளந்தா தப்பான விடைதான் சார் வரும். மூணு வருஷமா எல்லாருக்கும் சரியான விடை வந்திருக்கு. அப்ப எல்லாரும் விடையைப் பாத்துத்தான் நேரத்தை எழுதியிருக்காங்க."

அவர் முகம் அப்படியே தொங்கிப்போயிற்று. மூன்று வருடத்துப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்திருப்பார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. நிவேதன் தலையைக் குனிந்துகொண்டு நகத்தைக் கடித்தான்.

தலைவி பேனாவை மூடினார். "ஒண்ணு கேக்கறேன். விலகிப்போறதுக்கு வழி குடுத்தாங்க. உன் மேஜர்கூட இல்ல இது. எதுக்கும்மா இவ்வளவு தூரம் வந்தே?"

என்னிடம் பொய்கள் தயாராக இருந்தன. கட்டாயப் பாடம், நில அளவை, என்னென்னவோ. ஒன்றும் வாயில் வரவில்லை.

"எனக்குப் பிடிச்சிருக்கு மேடம்" என்றேன். அந்த நிவேதன் முன்னால். சனியன்.

செப்டம்பர் 16, சனி

என் மேல் குற்றமில்லை என்று கடிதம் வந்தது. நிவேதனுக்கு எச்சரிக்கை, சோதனையைத் தனியாகத் திரும்பச் செய்ய வேண்டும். மற்ற மூன்று வருடத்துக்காரர்களை யார் தேடப் போகிறார்கள்? யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. தோசை முறுகலாக இருந்தது.

செப்டம்பர் 26, செவ்வாய்

ரிப்போர்ட் திரும்பி வந்தது. பி கிரேடு. பி! இவ்வளவு கூத்துக்கும் பிறகு!

உள்ளே ஒரே ஒரு இடத்தில்தான் சிவப்பு மை. தூரம் 99.4 என்று நான் எழுதியிருந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டு, 'இதை அளந்தது யார்?' என்று எழுதியிருந்தார்.

சண்டைக்குத்தான் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று அடுக்கிக்கொண்டே போனேன். வைத்தீஸ்வரன் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"கையேட்டுல என்ன போட்டிருக்கு?" என்றார்.

"தூரத்தை அளக்கவும்னு."

"அளந்தியா?"

"லேபிள்ல..."

வாயை மூடிக்கொண்டேன். கல்வெட்டைக் கேள்வி கேட்கப் படிக்கிறவள் நான். பளபளப்பான முனையைக் கண்ணால் பார்த்தவள் நான். டேப் பக்கத்து இழுப்பறையில் இருந்தது. அந்தக் கடன்காரன் லேபிளைத் தட்டிக் காட்டியதும் சரி என்று எழுதிக்கொண்டேனே.

"நானும்தான் லேபிளை நம்பினேன்" என்றார். "மூணு வருஷம். எனக்கு என்ன கிரேடு போடுவே?"

"ஃபெயில் சார்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான். பிறகு இழுப்பறையைத் திறந்து டேப்பை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"லேபிளைக் கிழிச்சுட்டேன். போய் அளந்து, புது லேபிள் எழுதி ஒட்டு. தேதி போடு. யார் அளந்ததுன்னு பேரும் போடு."

போய் அளந்தேன். 97.9. திருப்பிப் பிடித்து அளந்தேன், அதேதான். லேபிளில் தேதியைப் போட்டேன், 'இசக்கியம்மாள்' என்று முழுப் பெயரையும் எழுதி ஒட்டினேன். பிறகு நிவேதன் அதே ஊசலை எடுத்து, தனியாக எடைகளை நகர்த்திக்கொண்டு திண்டாடினான். சின்ன எடையை மயிரிழை தள்ள வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அந்த வைத்தீஸ்வரனை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அடுத்த பருவத்துக்குப் பாடம் பதியச் சொன்னார்கள், அவருடைய பாடத்தையே எடுத்திருக்கிறேன். சாயங்காலம் அம்மா போனில் ஏன் என்று கேட்டாள். இந்தத் தடவை கட்டாயப் பாடம் என்று சொல்லவில்லை.